ராமநாதபுரத்துக்கு மால் வந்தால் கடைத்தெரு என்ன ஆகும்? நான் மாலில் கடை எடுக்கலாமா?

கேள்வி கேட்டவர்: சாலைத்தெரு ஜவுளி

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையில் என் வாப்பா ஜவுளிக் கடை நடத்துகிறார். அதன் கிளையாக ராமநாதபுரம் சாலைத் தெருவில் உள்ள கடையை நான் கவனித்துக்கொள்கிறேன். இப்போது ராமநாதபுரத்துக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உயர்தர மால் ஒன்றைக் கட்டும் திட்டத்துடன் ஒரு கட்டுமான நிறுவனத்தார் நகரத்து வியாபாரிகளை ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசிவருகிறார்கள். எனக்குத் தரைத்தளத்தில் 600 சதுர அடி தருவதாகச் சொல்கிறார்கள். ஒன்பது ஆண்டுக் குத்தகை. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் காலி செய்ய முடியாது. சதுர அடிக்கு 60 ரூபாய் வீதம் மாத வாடகை அல்லது அந்த மாத விற்பனையில் 12 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். சாலைத் தெருக் கடையை மூடிவிட்டு அங்கே போய்விடலாம் என்கிறான் என் தம்பி. வாப்பாவுக்கு அதில் சிறிதும் சம்மதமில்லை.

என் தயக்கத்துக்கான காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் மாதச் சம்பளக்காரர்கள் குறைவு. பணம் பருவத்தோடுதான் வந்து சேர்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, பாம்பன், மண்டபம் பக்கத்து வாடிக்கையாளர்கள் கடைக்கு வருவதே அரிது. வந்தாலும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். படகு மறுபடி கடலுக்குப் போன பிறகு அந்தப் பற்று கொஞ்சம் கொஞ்சமாக அடையும். மிளகாய் போட்டவர்கள் முண்டு வத்தலை விற்றுக் காசு பார்ப்பது மாசி, பங்குனியில். வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போதுதான் கீழக்கரையில் கல்யாணங்கள் சேர்ந்தாற்போல் நடக்கும். அந்த நாள்களும் ரம்ஜான், தீபாவளி, பொங்கல் நாள்களும் போக, மற்ற மாதங்களில் பையன்களின் சம்பளமும் கடை வாடகையும் தேறினாலே நிம்மதி என்றுதான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கல்யாண வீட்டார் எங்கள் கடையில் பாயில் உட்கார்ந்து இருபது, முப்பது உருப்படிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பாதியைக் கட்டிக்கொண்டு பில் போடாமலே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். வீட்டில் மாமியாரும் பெரியம்மாவும் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு மீதியைத் திருப்பி அனுப்புவார்கள். யார் எதை எடுத்துப் போனார்கள் என்பதை வாப்பா ஒரு சீட்டில் எழுதி, கல்லாவுக்கு மேலே உள்ள ஆணியில் குத்தி வைப்பார். வந்த துணி மடிப்புக் கலையாமல் வரும். வராத துணிக்குப் பணம் வரும். கம்ப்யூட்டர் பில்லும், வாசலில் கூவும் காவல் கருவியும் உள்ள இடத்தில் இந்த முறையை வைத்துக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் தம்பி சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை. வசதியுள்ள குடும்பங்கள் காரில் ஏறி மதுரைக்குப் போய்விடுகின்றன. பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரையிலான 46.7 கிலோமீட்டர் சாலையை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அது முடிந்தால் மதுரை இன்னும் நெருங்கும். உயர்தர மால் வருவதால் அந்தக் கூட்டம் உள்ளூரிலேயே நிற்குமா, கடைத்தெரு அழிந்துவிடுமா, நான் எந்தப் பக்கம் நிற்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பரமக்குடிக்காரர்

பாய் அவர்களுக்கு வணக்கம். நான் பரமக்குடி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். சென்னையில் மால்களுக்குக் கடைக்காரர்களைச் சேர்த்து ஒப்பந்தம் போடும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன். மால் நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால், உங்களிடம் நீட்டப்பட்டிருக்கும் ஒப்பந்தத்தைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலான சிறு வியாபாரிகள் மாலுக்குப் போய் நொடித்துப்போவது கூட்டம் வராததால் அல்ல. காகிதத்தில் எழுதியிருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காததால்.

முதலாவது, அந்த 600 சதுர அடி. மால்களில் வாடகை கணக்கிடும் பரப்பு ஒன்று, நீங்கள் துணியை அடுக்கக்கூடிய பரப்பு வேறொன்று. நடைபாதை, நகரும் படிக்கட்டு, கழிப்பறை, நடுவிலுள்ள திறந்த முற்றம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துத்தான் 600 என்கிறார்கள். 100 அடிக்கு வாடகை கொடுத்தால் 60 அடி அளவே கைக்கு வருவது வழக்கம். அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது 360 சதுர அடி. மாத வாடகை 36,000 ரூபாய். இதற்கு மேல் பொதுப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று வரும். சதுர அடிக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 9,000. இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் மாதம் 53,100. துணி அடுக்கும் பரப்பால் வகுத்துப் பாருங்கள், சதுர அடிக்கு 147 ரூபாய் ஐம்பது காசு ஆகிறது. நீங்கள் 60 என்று நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்து காம்போசிஷன் முறையில் (சிறு வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கட்டும் முறை) வரி கட்டுபவராக இருந்தால், வாடகை மேல் கட்டிய அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 'எது அதிகமோ அது' என்ற நிபந்தனையை மாதக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வியாபாரம் பருவத்தோடு ஏறி இறங்குவது. எடுத்துக்காட்டாக, கல்யாணமும் பண்டிகையும் வரும் மூன்று மாதங்களில் மாதம் 10 லட்சமும், மற்ற ஒன்பது மாதங்களில் மாதம் ஒன்றரை லட்சமும் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மாதத்தில் 12 சதவீதம் என்பது 1,20,000. மூன்று மாதத்துக்கு 3,60,000. மந்தமான மாதத்தில் 12 சதவீதம் 18,000தான் என்றாலும் குறைந்தபட்ச வாடகையான 36,000 கட்டியாக வேண்டும். ஒன்பது மாதத்துக்கு 3,24,000. மொத்தம் 6,84,000. அதே விற்பனையை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மொத்தம் 43,50,000. அதில் 12 சதவீதம் 5,22,000 மட்டுமே. அந்த நிபந்தனையில் 'மாதம்' என்பதை 'ஆண்டு' என்று மாற்றினால் உங்களுக்கு 1,62,000 ரூபாய் மிச்சமாகிறது. மாதச் சம்பளக்காரர்கள் வாழும் பெருநகரத்தில் இந்த வித்தியாசம் சிறியது. கடலையும் மழையையும் விமானச் சீட்டையும் நம்பிய நம் கரையோரத்தில் இது ஒரு கடையின் உயிர். விற்பனை ஏறும்போது அவர்களும் ஏறுகிறார்கள், இறங்கும்போது நீங்கள் மட்டும் இறங்குகிறீர்கள் என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் உள்ளடக்கம்.

மூன்றாவதாக, அங்கே பெரிய கடையாக யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு மால் நிற்பது சூப்பர் மார்க்கெட், பல திரை கொண்ட தியேட்டர், உணவுக்கூடம் ஆகியவற்றின் மேல்தான். அவர்களுக்கு மிகக் குறைந்த வாடகை கொடுத்து உள்ளே இழுப்பார்கள்; அந்தக் குறைவை ஈடுகட்டுவது உங்களைப் போன்ற சிறிய கடைகளின் வாடகை. அது நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன், கூட்டத்தைக் கொண்டுவருபவர்கள் அவர்கள். ஆனால் படம் பார்க்க வந்தவர் பாப்கார்ன் வாங்குவார், வேட்டி வாங்குவாரா? பெரிய கடை வெளியேறினால் உங்கள் வாடகை குறையும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால், அவர்களுக்கே நம்பிக்கையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மால்களும் மூப்படையும் என்பதைச் சென்னையில் கண்ணால் பார்த்தேன். 1983இல் தீக்கிரையான பழைய ஸ்பென்சர் கட்டடத்தின் இடத்தில் எழுந்த ஸ்பென்சர் பிளாசாதான் 1990களில் சென்னைக்கு மால் என்றால் நினைவுக்கு வரும் ஒரே பெயர். 2006இல் மயிலாப்பூரில் சிட்டி சென்டர், 2010இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் என்று வரிசையாக வந்தபோது, கூட்டம் புதியதைத் தேடி நகர்ந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் நடக்க இடமில்லாத கூட்டம் இருந்துகொண்டே இருந்தது. மால் தெருவைக் கொல்லும் என்று பேசுவோர், ஒரு மாலை முதலில் அடிப்பது இன்னொரு மால்தான் என்பதைக் கவனிப்பதில்லை. கடைகளைத் தனித்தனியாக விற்றுவிடும் மால்கள் இன்னும் விரைவில் தளர்கின்றன, ஏனென்றால் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய அங்கே ஒருவருக்கும் அதிகாரம் இருப்பதில்லை.

உயர்தரம் என்ற சொல்லுக்கு நம் மாவட்டத்தில் ஆள் இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் நகரின் மக்கள்தொகை 61,440, பரமக்குடி 95,579, ராமேஸ்வரம் 44,856, கீழக்கரை 38,355. எல்லாம் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும் ஊர்கள். இதில் உயர்விலைக் கடைகளை மாதம் முழுவதும் தாங்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை என்று கட்டுபவர்கள் எண்ணியிருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பதில்: கீழக்கரை லாத்தா

தம்பி, உங்கள் வாப்பா கடையில் என் கல்யாணத்துக்கும் என் மகள் கல்யாணத்துக்கும் துணி எடுத்திருக்கிறோம். அதனால் உரிமையோடு எழுதுகிறேன். மேலே எழுதியவர் சொன்ன வாடகைக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் பெண்கள் ஏன் மதுரைக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். துணிக்காக மட்டும் போகவில்லை.

அரண்மனைப் பக்கத்திலும் சாலைத் தெருவிலும் கைக்குழந்தையோடு கடை கடையாக ஏறி இறங்கும் ஒரு பெண்ணுக்கு மூன்று மணி நேரம் கழித்து என்ன தேவைப்படும் என்று எந்தக் கடைக்காரராவது யோசித்திருக்கிறாரா? கழிப்பறை வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைப்பு வேண்டும். லுஹர் நேரம் வந்தால் தொழ ஓர் இடம் வேண்டும். வயதான மாமியார் உட்கார ஒரு நாற்காலி வேண்டும். கடைக்கு முன்னால் பைக்கை வரிசையாக நிறுத்திவிடுவதால் நடுத்தெருவில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வரும். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீரை மிதித்துக்கொண்டு போக வேண்டும். நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். இதைப் பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தாலும், எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

மாலில் விலை அதிகம் என்பது எங்களுக்கும் தெரியும். அங்கே ஒன்றும் வாங்காமல்கூட வந்திருக்கிறோம். ஆனால் சுத்தமான கழிப்பறை இருக்கிறது, பிள்ளைகள் ஓடினால் வண்டியில் அடிபடாது, நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இந்த மூன்றையும் கடைத்தெரு கொடுத்துவிட்டால், துணியும் நகையும் பாத்திரமும் நாங்கள் எங்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்வோம். கொடுக்காத வரை, மால் ராமநாதபுரத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் கடைத்தெருவுக்கு ஆள் குறைந்துகொண்டுதான் போகும்.

இன்னொரு போட்டியையும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். எங்கள் தெருவிலேயே வீட்டுக்குள் இருந்தபடி சூரத்திலிருந்து சுடிதார் துணியும் தலையை மறைக்கும் மக்கனாவும் வரவழைத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். வாடகை கிடையாது, கடன் கொடுப்பார்கள், பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வாப்பா ஆணியில் குத்தி வைக்கும் சீட்டின் வேலையை அவர்கள் போனில் செய்கிறார்கள். தம்பி, உங்களுடைய உண்மையான பலம் அந்தச் சீட்டுதான். அதை விட்டுவிட்டு மாலுக்குப் போனால் எங்களுக்கு நீங்களும் ஒன்றுதான், வேறு எந்தக் கம்பெனிக் கடையும் ஒன்றுதான்.

பதில்: ரத வீதி சங்குக்கடை

ராமேஸ்வரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வியாபாரம் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில், தீர்த்தமாடிவிட்டு ஈரத் துணியோடு வெளியே வரும் யாத்திரிகர் கால் வைக்கும் தூரத்துக்குள் நடப்பது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும் வரை யாத்திரிகர்கள் சாலை வழியாக மட்டுமே தீவுக்குள் வந்தார்கள். வேனில் வருபவர்கள் ஓட்டுநர் நிறுத்திய இடத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். வழியும் வண்டி நிற்கும் இடமும் மாறினால் வியாபாரமும் இடம் மாறிவிடும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் தெரு நன்றாக உணர்ந்தது. ஆகவே மால் எப்படிப்பட்டது என்பதைவிட, பேருந்து எங்கே நிற்கும் என்பதைக் கேளுங்கள். நகரப் பேருந்து உள்ளே வராத மால், கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

கடலோரத்துக்காரன் என்ற முறையில் இதையும் சொல்கிறேன். உப்புக் காற்றில் எங்கள் கடை ஷட்டரின் அடிப்பகுதி ரெட் ஆக்சைடு அடித்து அடித்தும் தகடு தகடாக உதிர்கிறது. ஏசியின் வெளிப்பெட்டியில் உள்ள அலுமினிய இதழ்கள் வெள்ளையாகப் பொரிந்துவிடுகின்றன. ஒரு கட்டடம் முழுவதையும் குளிரூட்டிக் கண்ணாடியும் தகடும் போர்த்தி நிறுத்தினால், அதன் பராமரிப்புச் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறும். அந்தச் செலவு கடைக்காரர்கள் தலையில் பராமரிப்புக் கட்டணமாக இறங்கும். அதற்கு ஓர் உச்சவரம்பு எழுதி வாங்குங்கள்.

பதில்: மினசோட்டாவில் ஒரு ராமநாதபுரத்தான்

கேணிக்கரையில் வளர்ந்து இப்போது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கிறேன். முழுவதும் ஒரே கூரைக்குள் அடங்கிய மாலை உலகத்துக்குக் கொடுத்த ஊர் எனக்கு அருகில்தான் இருக்கிறது என்பதால் அதன் கதையைச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

மினியாபொலிஸ் நகருக்கு வெளியே எடைனாவில் 1956 அக்டோபர் 8 அன்று சவுத்டேல் திறக்கப்பட்டது. வெளியே உறைபனி, உள்ளே ஆண்டு முழுவதும் வசந்தம் என்பதே அதன் கவர்ச்சி. அதைக் கட்டியவர்கள் வெளியாள்கள் அல்லர். நகரத்தின் நடுவே நிக்கலெட் தெருவில் பெரிய கடை வைத்திருந்த டேட்டன் குடும்பத்தார்தான் கட்டினார்கள். அவர்களுடைய போட்டியாளரான டொனால்ட்சன்ஸ் கடையையும் அதே கூரைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் தம்பி செய்ய நினைப்பதை அவர்களும் செய்தார்கள், ஒரு வேறுபாட்டோடு: நகரத்துக் கடையை அவர்கள் மூடவில்லை. நகரமும் சும்மா இருக்கவில்லை. 1967இல் நிக்கலெட் தெருவுக்குள் கார்கள் வராதபடி தடுத்துப் பேருந்துக்கும் நடப்பவர்களுக்குமாக அதை மாற்றியமைத்தது. இருந்தும் அந்த நகரத்துக் கடை கைமாறிக் கைமாறி, மேசீஸ் என்ற பெயரில் 2017இல் மூடப்பட்டது.

அப்படியானால் மால் ஜெயித்ததா என்றால், அதுவும் இல்லை. இதே குடும்பம் இதே நகரத்தின் வடக்கே 1962இல் கட்டிய புரூக்டேல் மால் 2010இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. சவுத்டேல் இன்றும் இருக்கிறது, ஆனால் கார் நிறுத்தத்துக்கென்று விட்டிருந்த பரந்த வெளியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. சவுத்டேலை வரைந்த விக்டர் குரூயன் வியன்னாவிலிருந்து வந்தவர். வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் சுற்றி அமைந்த ஒரு சிறுநகரத்தின் நடுவில்தான் அந்தக் கடைவளாகத்தை அவர் கற்பனை செய்தார். கட்டியவர்கள் கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் அவரே மால்களைத் தன் பிள்ளைகளாக ஏற்க மறுத்தார். எடைனாவைச் சுற்றி வசதியுள்ள குடும்பங்கள் நெருக்கமாக வாழ்கின்றன; அதனால் சவுத்டேல் பிழைத்தது, அதற்கு எதிரிலேயே உயர்விலைக் கடைகள் கொண்ட கேலரியா என்ற இன்னொரு மாலும் பிழைக்கிறது. புரூக்டேலைச் சுற்றி அப்படி இல்லை.

நம் ஊருக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. மினியாபொலிஸின் நடுநகரத்தில் அலுவலகங்கள் இருந்தன, குடும்பங்கள் வெளியே போய்விட்டன. ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆளிருக்காது. ராமநாதபுரம் வண்டிக்காரத் தெருவிலும் அரண்மனையைச் சுற்றியும் கடைக்கு மேலேயே வீடு இருக்கிறது. கலெக்டர் அலுவலகம் பட்டணம்காத்தான் பக்கம் இருந்தாலும், காய்கறி, மளிகை, மருந்து என்று மக்கள் அன்றாடம் நகருக்குள்தான் வந்து போகிறார்கள். குடியிருப்போர் வெளியேறாத வரை கடைத்தெருவுக்கு வேர் இருக்கிறது. லாத்தா சொன்ன கழிப்பறையும் நடைபாதையும் அந்த வேருக்கு ஊற்றும் தண்ணீர். கவலைப்பட வேண்டியது நான்கு வழிச்சாலைக்குத்தான். அது வந்தபின் வார இறுதிகளில் மதுரை இழுக்கும் இழுப்பை உள்ளூரில் ஒரு மாலால் தடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில்: தேவிபட்டினம் விற்பனையாளர்

முதலாளிகளும் வாடிக்கையாளர்களும் பேசிவிட்டார்கள். கடையில் நிற்பவளாகவும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். ஜவுளிக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை செய்து கால் நரம்பு சுருண்டுபோன அக்காக்களை எனக்குத் தெரியும். வேலையாள்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இலேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் நான் வேலை செய்த ஒரு கடையில் ஸ்டூல் இருந்தது, உட்கார அனுமதி இல்லை. மாலில் வேலை கிடைத்தால் பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பார்கள் என்பதால் பல பெண்கள் அங்கே போக ஆசைப்படுகிறார்கள். ஆனால் மால் மூடும் நேரத்துக்குத் தேவிபட்டினத்துக்குப் பேருந்து இருக்குமா என்பது எங்கள் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி. பாய் அவர்கள் எங்கே கடை நடத்தினாலும், நல்ல ஆள்கள் நிலைக்க வேண்டுமென்றால் இருக்கையையும் வீடு திரும்பும் வழியையும் முதலில் ஏற்பாடு செய்யுங்கள். எந்த வாடிக்கையாளருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது நாங்கள்தான்.

மறுமொழி: சாலைத்தெரு ஜவுளி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பரமக்குடி அண்ணன் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தாளில் எழுதித் தம்பியிடம் கொடுத்தேன். எங்கள் பழைய பில் புத்தகங்களை வைத்து அவனே மாதவாரியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆண்டுக் கணக்கு இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்கிறான். சாலைத் தெருக் கடையை மூடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். லாத்தா எழுதியதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடையின் பின்னால் சரக்கு வைக்கும் அறையைக் குறைத்து, பெண்களுக்குக் கழிப்பறையும் தொழுவதற்கு ஓர் இடமும் ஒதுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் தெருவுக்கு என்று ஒன்று வேண்டுமே, அதை எப்படிக் கேட்பது? நகராட்சியிடம் தனியாகப் போனால் காதில் வாங்கிக்கொள்வார்களா?

பதில்: பரமக்குடிக்காரர்

தனியாகப் போகாதீர்கள், பாய். சாலைத் தெரு, வண்டிக்காரத் தெரு, அரண்மனைப் பகுதி வியாபாரிகள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். அதில் நிறையக் கேட்க வேண்டாம். பெண்களுக்கான கட்டணக் கழிப்பறை ஒன்றும், இருசக்கர வாகனங்களுக்குத் தெருவின் கடைசியில் ஓரிடமும் போதும். கழிப்பறையைப் பராமரிக்கும் செலவில் ஒரு பகுதியை வியாபாரிகள் ஏற்றுக்கொள்வதாக எழுதினால் அந்த மனுவுக்கு எடை கூடும். சென்னையில் 2019இல் பாண்டி பஜாரை நடப்பவர்களுக்காக அகலமான நடைபாதையுடன் மாற்றியபோது, கார் நிறுத்த இடம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் இருந்தது. இன்றைக்கும் மாலையில் அங்கே நடைபாதை நிறைய மக்கள் நடக்கிறார்கள்.

தரைக்கடைக்காரர்களை அகற்றச் சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு விற்பனைச் சான்றிதழும் இடமும் பெற உரிமை உண்டு. தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத உறுப்பினர்கள் அவர்களில் இருந்துதான் வர வேண்டும். பூ விற்கும் அம்மாவும் வளையல் வண்டியும் இல்லாத தெருவில் உங்கள் கடைக்கும் கூட்டம் வராது. அவர்களையும் மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மாலைப் பொறுத்தவரை கதவை அடைக்க வேண்டியதில்லை. ஆண்டுக் கணக்கில் வாடகை, பராமரிப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, பெரிய கடை போனால் வாடகைக் குறைப்பு, நகரப் பேருந்து நிறுத்தம் இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் 600 அடி வேண்டாம், 200 அடியில் தைத்த ஆடைகளுக்கு மட்டும் ஒரு சிறு கடை போதும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான தைத்த ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் வரி என்பதால், அந்த விலைக்குள் நிற்கும் சரக்கையே அங்கே வையுங்கள். கல்யாணத் துணி சாலைத் தெருவிலும் கீழக்கரையிலும் பாயில்தான் விரிய வேண்டும். மனுவின் வரைவைத் தயாரித்ததும் இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.